கொழும்பை விட்டு மலைக்கு: ஹட்டனா, பண்டாரவளையா, நுவரெலியாவா?

கொழும்பில் வாடகை கட்டி அலுத்துப்போய், மலைநாட்டுப் பக்கம் போய்விடலாமா என்று பேசாத வீடு இப்போது குறைவு. வெள்ளவத்தையில் இரண்டு அறை ஃபிளாட்டுக்குக் கொடுக்கிற காசில் மேலே முற்றத்தோடு தனி வீடு கிடைக்கிறது. பல வேலைகளை வீட்டிலிருந்தே செய்யலாம் என்றாகிவிட்டது. அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஏதோ ஒரு தோட்டம் சொந்த ஊராகவும் இருக்கும். போவது என்று முடிவெடுப்பது அவ்வளவு கஷ்டமில்லை. எந்த ஊருக்கு என்பதில்தான் ஆட்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பேச்சு வெகுநாள் ஓடியது. நான், மனைவி, தரம் ஏழிலும் நான்கிலும் படிக்கிற இரண்டு பிள்ளைகள், மூட்டு வலியும் கொஞ்சம் இழுப்பும் உள்ள அம்மா. எனக்குக் கணக்கு எழுதுகிற வேலை. மாதத்தில் ஒன்றிரண்டு தடவை கொழும்பு அலுவலகத்தில் முகத்தைக் காட்டினால் போதும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை, பதுளை, கம்பளை என்று ஐந்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அலசினோம். என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்புக்கும் வீட்டுக்கும் பண்டாரவளை. தமிழ் மொழியில் படிக்கிற பிள்ளை இருந்தால் ஹட்டன் பக்கம். நுவரெலியா, போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பிவர நல்ல ஊர். மற்றபடி எந்த ஊரையும் அதன் மோசமான மாதத்தில் போய்ப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

மழை எந்தப் பக்கம்?

எல்லாரும் முதலில் விசாரிப்பது வாடகையை. விசாரிக்க வேண்டியது மழையை. மலையகம் என்று ஒரே பேரில் சொல்கிறோமே தவிர, மத்திய மலைத்தொடரின் இரண்டு பக்கமும் வேறு வேறு. மேற்கே ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, தலவாக்கலை. மே கடைசியில் தென்மேல் பருவமழை இறங்கினால் செப்டெம்பர் வரை விட்டு விட்டுப் பெய்துகொண்டே இருக்கும். ஹட்டனுக்குக் கீழே இருக்கிற வட்டவளை, இலங்கையில் அதிக மழை விழும் இடங்களில் ஒன்று. வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும். கிழக்கே ஊவா: ஹப்புத்தளை, பண்டாரவளை, வெலிமடை, பதுளை. தென்மேல் மழையை மலை மறித்துவிடுவதால், ஹட்டன் நனைந்து கிடக்கிற ஜூலையில் பண்டாரவளையில் வெயில் அடிக்கும், காய்ந்த காற்று வீசும். ஊவாத் தேயிலைக்குப் பேர்போன மணம் ஏறுவதும் அந்தக் காற்றில்தான். அவர்களுக்கு மழை ஒக்டோபரில் தொடங்கி வடகீழ்ப் பருவத்தோடு ஜனவரி வரை. மொத்தமாகப் பார்த்தால் பண்டாரவளையில் விழுவது வட்டவளையில் விழுவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு.

மில்லிமீற்றர் கணக்கு யாருக்கு வேண்டும்? துணி காயுமா என்பதுதான் கேள்வி. ஹட்டன் பக்கம் ஒரு வீடு பார்க்க ஜூலையில் போனோம். குசினியில் விறகடுப்புக்கு மேலே குறுக்கே கம்பி கட்டி, வீட்டு உடுப்பெல்லாம் அதில் தொங்கியது. அடுப்போரத்தில் பிள்ளைகளின் வெள்ளைச் சப்பாத்து, வாயைத் திறந்தபடி சூட்டைப் பார்த்து வைக்கப்பட்டிருந்தது. அலுமாரியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டிருந்தார்கள். பின்னால் எட்டிப் பார்த்தால் சுவர் முழுக்கப் பச்சைப் பூஞ்சணம். வீட்டுக்கார அம்மா எதையும் மறைக்கவில்லை.

"ஏப்ரல்ல வந்து பார்க்கிறவங்க அன்னைக்கே அட்வான்ஸ் குடுத்துட்டுப் போவாங்க தம்பி. அப்புறம் ஜூன் மாசம் சாவியக் குடுத்துட்டுப் போவாங்க. நீங்க மழையில வந்தது நல்லது."

"துணியெல்லாம் எப்பங்கம்மா காயும்?"

"காயாது. சூடாகும், உடுத்திக்கலாம்."

அம்மாவின் இழுப்புக்கு இந்த ஈரக்குளிர் ஆகவே ஆகாது. வெறும் குளிர் வேறு, ஈரக்குளிர் வேறு. ஹட்டனும் பண்டாரவளையும் உயரத்தில் கிட்டத்தட்ட ஒன்றுதான், கடல் மட்டத்திலிருந்து 1,200 மீற்றருக்குக் கொஞ்சம் மேலே. ஆனாலும் ஒன்றில் அம்மா நன்றாகத் தூங்குவார், மற்றதில் இரவெல்லாம் இருமுவார்.

அதற்காகப் பண்டாரவளையில் எல்லாம் சுகம் என்று நினைத்துவிட வேண்டாம். மழை குறைந்த பக்கத்தில் தண்ணீருக்குக் கஷ்டம். ஓகஸ்டில் கிணறு அடி தட்டும் வீடுகள் உண்டு. தண்ணீர் பௌசர் வரும்வரை காத்திருக்க வேண்டிவரும். உமா ஓயா நீர்மின், நீர்ப்பாசனத் திட்டத்துக்காகச் சுரங்கம் தோண்டியபோது, 2014 கடைசியில் தொடங்கிய நீர்க்கசிவால் பண்டாரவளையைச் சுற்றியுள்ள கிராமங்களில் கிணறுகள் வற்றின, வீட்டுச் சுவர்களில் வெடிப்பு விழுந்தது. திட்டம் 2024 ஏப்ரலில் திறக்கப்பட்டுவிட்டது. அந்த வெடிப்புகளில் சில, பூசி வெள்ளையடித்த சுவருக்குள் இன்னும் இருக்கின்றன. ஆகவே அங்கே வீடு பார்க்கப் போனால் முதலில் பின்பக்கம் போய்க் கிணற்றை எட்டிப் பாருங்கள். அடுத்து கதவு, ஜன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறுகிற கோடு இருக்கிறதா என்று பாருங்கள். ஹோலில் இருக்கிற சோபா செட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சரிவு

மண்சரிவைப் பற்றிப் பேசாமல் மலையக வீட்டைப் பற்றிப் பேச முடியாது, அதுவும் 2025 நவம்பருக்குப் பிறகு. அந்த மாதக் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் பதுளை, நுவரெலியா, கண்டி, மாத்தளை மாவட்டங்களில் மலைகள் இறங்கின. பாதை, ரயில், கறண்ட், போன் எல்லாம் ஒரே நேரத்தில் போயின. காய்ந்த பக்கம் என்று நான் மேலே சொன்ன ஊவாவும் தப்பவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி தோட்டத் தொழிலாளரின் லயங்களை (வரிசை வீடுகளை) மண் மூடிய மீரியபெத்தையும் ஊவாவில்தான், கொஸ்லந்தைக்குப் பக்கத்தில். வருடம் முழுக்க எவ்வளவு மழை என்பது ஒரு கணக்கு, ஒரே நாளில் எவ்வளவு என்பது இன்னொரு கணக்கு. சரிவுக்கு இரண்டாவதுதான் முக்கியம்.

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிறங்களில் எச்சரிக்கை விடும்: மஞ்சள் என்றால் அவதானம், செம்மஞ்சள் என்றால் மூட்டையைக் கட்டித் தயாராக இரு, சிவப்பு என்றால் கிளம்பு. பொதுவான அளவுகோல், 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனம், 100 தாண்டினால் தயார், 150 தாண்டினால் வெளியேற வேண்டும். இதைப் படித்துவிட்டு மறந்துவிடாமல், வீடு பார்க்கப் போகிற இடத்துக் கிராம சேவகரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "சிவப்பு வந்தபோது இந்த வரிசை வீட்டு ஆட்கள் எங்கே போய்த் தங்கினார்கள்?" பாடசாலையில், கோயிலில் என்று டக்கென்று பதில் வந்தால் அந்த வரிசையைத் தவிர்த்துவிடலாம்.

கொழும்பிலிருந்து போகிறவர்கள் பெரும்பாலும் மயங்குவது 'வியூ' உள்ள வீட்டில். மலையைச் செங்குத்தாக வெட்டி அந்தத் தட்டில் கட்டினால்தான் அந்த வியூ கிடைக்கும். முன்னால் பள்ளத்தாக்கு, பின்னால் வெட்டிய மண்சுவர். வீட்டுக்காரர் முன்னாலேயே கூட்டிக்கொண்டு நிற்பார். நீங்கள் பின்னால் போங்கள். வெட்டிய சுவருக்கும் வீட்டுக்கும் எவ்வளவு இடம், மேலிருந்து வரும் தண்ணீருக்குக் கான் கட்டியிருக்கிறார்களா, மேட்டில் நிற்கிற மரங்கள் ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கின்றனவா, தரையில் வளைவாக வெடிப்பு ஓடுகிறதா, இல்லாத இடத்தில் புதிதாக ஊற்றெடுக்கிறதா. என்னைக் கேட்டால் டவுனுக்குள் மட்டமான இடத்தில், பக்கத்து வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு இருக்கிற வீடுதான் மலையகத்தில் நல்ல வீடு. சொன்னால் மனைவிக்குச் சிரிப்பு. "அதுக்கு வெள்ளவத்தையிலேயே இருந்திருக்கலாமே" என்றாள்.

பிள்ளைகளின் படிப்பு

இந்த இடத்தில்தான் எங்கள் தராசு ஹட்டன் பக்கம் சாய்ந்தது. 2012 குடிசன மதிப்பீட்டின்படி, ஹட்டன் இருக்கிற நுவரெலியா மாவட்டத்தில் பாதிக்கு மேல் மலையகத் தமிழர்கள். அதனால் தமிழ்ப் பாடசாலைகள் எண்ணிக்கையிலும் சரி, போட்டியிலும் சரி, மற்ற மலை மாவட்டங்களை விடக் கூடுதல். ஹட்டனில் ஹைலண்ட்ஸ் கல்லூரி, சென் ஜோன் பொஸ்கோ என்று பேர்சொல்லக்கூடிய பாடசாலைகள் இருக்கின்றன. பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இருக்கிறது. சனி, ஞாயிறில் ஹட்டன் டவுனுக்குப் போய்ப் பார்த்தால் தெரியும்: மஸ்கெலியா, பொகவந்தலாவை, நோர்வூட் பஸ்களிலிருந்து டியூஷனுக்கு இறங்குகிற பிள்ளைகள் வீதியை நிறைத்திருப்பார்கள். அந்தச் சூழலே பிள்ளையைப் பாதி படிக்க வைக்கும்.

பதுளையில் சரஸ்வதி இருக்கிறது, நல்ல பேர். பண்டாரவளையிலும் தமிழ்ப் பாடசாலை உண்டு, சாதாரண தரம் வரை கவலையில்லை. உயர்தரத்தில் கணிதம், விஞ்ஞானம் தமிழில் என்று வந்தால் தெரிவு சுருங்கிவிடும். காசு கட்டி ஆங்கிலத்தில் படிப்பிக்க நினைப்பவர்களுக்குக் கதை வேறு. பண்டாரவளையிலும் குருதலாவையிலும் சென் தோமஸ் கல்லூரியின் கிளைகள் இருக்கின்றன, வேறு தனியார் பாடசாலைகளும் இருக்கின்றன. அந்த வீடுகளுக்குப் பண்டாரவளையே போதும்.

இதில் பேசக் கூச்சப்படுகிற ஒரு விஷயம் இருக்கிறது. நுவரெலியா, பதுளை இரண்டும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பவை. பெரும்பாலான துறைகளுக்கான பல்கலைக்கழக அனுமதியில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை, 55 சதவீதம் மாவட்ட ஒதுக்கீடு, மீதி 5 சதவீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு வெட்டுப்புள்ளிக்கு எட்டாத புள்ளி இங்கே எட்டிவிடும் என்பதற்காகவே பிள்ளையை உயர்தரத்துக்கு மலைக்கு அனுப்பும் பெற்றோர் இருக்கிறார்கள். பரீட்சைக்கு முந்திய மூன்று வருடம் எந்த மாவட்டத்தில் படித்தார் என்பதைப் பார்ப்பார்கள், ஆகவே கடைசி நேரத்தில் தாவ முடியாது. முடிந்தாலும், லயத்திலிருந்து படித்து வருகிற பிள்ளைக்கு விட்டுவைத்த இடம் அது. குடும்பமாகப் போய் அங்கேயே வாழ்கிறவர்களைப் பற்றி நான் சொல்லவில்லை. விலாசத்தை மட்டும் கொண்டுபோகிறவர்களைச் சொல்கிறேன்.

பிள்ளை இப்போது தரம் 10இலோ அதற்கு மேலோ இருந்தால் என் யோசனை கொழும்பிலேயே இருங்கள் என்பதுதான். வாடகை தாங்கவில்லை என்றால் வத்தளை, ஹெந்தளைப் பக்கம் தள்ளிப் போய் இரண்டு மூன்று வருடத்தை ஓட்டிவிட்டு அப்புறம் மலையேறலாம்.

ஆஸ்பத்திரி எவ்வளவு தூரம்?

வயதானவர்கள் இருக்கிற வீட்டில் இதை மணித்தியாலத்தில் கணக்குப் போட வேண்டும், கிலோமீற்றரில் போட்டால் ஏமாந்துபோவோம். ஹட்டனுக்கு டிக்கோயா ஆதார வைத்தியசாலை பக்கத்திலேயே. இந்திய உதவியில் கட்டிய கட்டடம், 2017 மே மாதம் மோடி வந்து திறந்தது. அதற்கு மேல் விசேட வைத்தியம் என்றால் கண்டிதான். ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை வழியாக அம்புலன்ஸிலும் இரண்டு மணித்தியாலம் பிடிக்கும், மழையில் இன்னும் கூட. பண்டாரவளைக்குத் தியத்தலாவை ஆதார வைத்தியசாலை கிட்ட. பதுளைப் பெரியாஸ்பத்திரிக்கு ஏறக்குறைய ஒரு மணித்தியாலம். நுவரெலியாவில் மாவட்டப் பொது வைத்தியசாலை டவுனிலேயே இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் எல்லாவற்றையும் வெல்வது கம்பளை: கண்டி தேசிய வைத்தியசாலையும் பேராதனை போதனா வைத்தியசாலையும் ஒரு மணித்தியாலத்துக்குள். இருதய நோயாளியோ டயலிசிஸ் செய்பவரோ வீட்டில் இருந்தால் நான் வேறு எதையும் யோசிக்காமல் கம்பளைக்குப் போவேன். அங்கே மலைக்குளிர் இல்லை, மகாவலிக் கரையில் வெள்ளப் பயம் உண்டு. மேட்டில் வீடு பார்த்தால் சரி.

போக்குவரத்து

ஹட்டனுக்கு அவிசாவளை, கித்துள்கலை வழியாகக் கொழும்பிலிருந்து சுமார் 130 கிலோமீற்றர். பண்டாரவளைக்கு இரத்தினபுரி, பலாங்கொடை வழியாகச் சுமார் 200. பஸ்ஸில் முன்னதற்கு ஐந்து மணித்தியாலம் வரை, பின்னதற்கு ஆறு அல்லது அதற்கு மேல். மாதம் ஒரு தடவை என்றால் இரண்டும் ஒன்றுதான். வாரம் ஒரு தடவை என்றால் பண்டாரவளையை மறந்துவிடுங்கள். வாரத்தில் இரண்டு நாளைப் பஸ்ஸிலேயே கழிக்க வேண்டிவரும்.

ரயிலை நம்பித் திட்டம் போடுகிறவர்கள் நிறைய. 1885இல் நானுஓயாவுக்கும் 1894இல் பண்டாரவளைக்கும் 1924இல் பதுளைக்கும் எட்டிய பாதை அது, அழகுக்கு ஈடில்லை. ஆனால் மழைக்காலத்தில் மண் விழுந்து நிற்கும், டித்வாவில் பல இடங்களில் தண்டவாளமே அந்தரத்தில் தொங்கியது. சீசன் நாளில் முன்பதிவு டிக்கட்டை வெளிநாட்டுப் பயணிகளோடு போட்டி போட்டுத்தான் எடுக்க வேண்டும். ஓடினால் சந்தோஷமாக ஏறுங்கள், அலுவலகக் கூட்டத்தை மட்டும் அதை நம்பி வைக்காதீர்கள். தீபாவளிக்கு முந்திய நாட்களில் பஸ்தியன் மாவத்தை பஸ் நிலையத்தில் நின்றவர்களுக்குத் தெரியும், கொழும்புக் கடைகளில் வேலை செய்கிற மலையகப் பிள்ளைகள் எல்லாரும் ஒரே இரவில் ஊர் போவார்கள். நீங்கள் மேலே குடிபோன பிறகு அந்தக் கூட்டத்துக்கு எதிர்த்திசையில் போகலாம், அது ஒரு லாபம்.

கணினி வேலைக்காரர்களுக்கு: எந்த டவுனிலும் ஃபைபர் கிடைக்கிறது, டவுனிலிருந்து கொஞ்சம் தோட்டப் பக்கம் இறங்கினால் சிக்னலே ஆட்டம் காணும். காற்று மாதங்களில் சவுக்கும் யூகலிப்டசும் கறண்ட் கம்பியில் விழுவது வழக்கம். ஒரு யூபிஎஸ்ஸும் இரண்டு வேறு வேறு கம்பெனி சிம்மும் இல்லாமல் போகாதீர்கள்.

நுவரெலியாவும் பதுளையும்

நுவரெலியாவைச் சுருக்கமாக முடித்துவிடலாம். 1,868 மீற்றர் உயரம். ஜனவரி, பெப்ரவரியில் சில விடியல்களில் புல்லில் உறைபனி படியும். ரயில் நிலையம் டவுனில் இல்லை, எட்டு கிலோமீற்றர் கீழே நானுஓயாவில். ஏப்ரல் வசந்தகாலத்தில் அறைக்கு ஒரு இரவுக்கு வாங்குகிற காசைப் பார்த்துவிட்டு, வருட வாடகைக்கு வீடு கொடுக்க வீட்டுக்காரர்களுக்கு மனம் வருவதில்லை. கொடுத்தாலும் "சித்திரைக்கு மட்டும் பத்து நாள் விட்டுத் தாங்க" என்பார்கள். வயதானவர்களுக்கு அந்தக் குளிர் தண்டனை. மரக்கறி வியாபாரமோ ஹோட்டல் தொழிலோ செய்கிறவர்களுக்குத்தான் அந்த ஊர் சரி.

பதுளையை யாரும் யோசிப்பதில்லை. அது எனக்கு ஆச்சரியம். 680 மீற்றர்தான், குளிர் என்று சொல்ல முடியாது, மதியத்தில் வேர்க்கும். மலைக்குப் போகிறோம் என்று கிளம்புகிற ஆட்களுக்கு அது மலையாகவே படாது. ஆனால் பெரியாஸ்பத்திரி, மாகாணத் தலைநகரத்து அலுவலகங்கள், சரஸ்வதி, ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம், ரயிலின் கடைசி நிலையம் எல்லாம் அங்கே இருக்கின்றன. சுற்றுலாக்காரர்கள் எல்ல வரை வந்து நின்றுவிடுவதால் வாடகையும் அவ்வளவு ஏறவில்லை. குளிரே வேண்டும் என்று அடம்பிடிக்காதவர்கள் ஒரு தடவை போய்ப் பாருங்கள்.

பேச்சுத் துணை

ஹட்டனில் ஓட்டோக்காரர், மருந்துக்கடை, வங்கி, பொலிஸ் எங்கே போனாலும் தமிழில் பேசி வேலையை முடிக்கலாம். பண்டாரவளைக் கடைவீதியிலும் தமிழ் தாராளம். அலுவலகக் கவுண்டரில் மட்டும் சிங்களம் தெரிந்தால் வேலை சுருக்காக முடியும். எனக்கு அது பிரச்சினையில்லை. அம்மாவுக்குப் பிரச்சினை. பகல் முழுக்க வீட்டில் இருக்கப்போவது அவர். பக்கத்து வீட்டில் நின்று கதைக்க ஒரு ஆள் இருக்கிறதா என்பது அவருக்கு மழையை விட முக்கியம். கொட்டகலையில் ஒரு வீடு பார்க்கப் போனபோது, பக்கத்து வீட்டு வயதான பெண் வேலிக்கு மேலாக எட்டிப் பார்த்து "எந்தத் தோட்டம் அக்கா?" என்று கேட்டார். அம்மா தோட்டத்தைச் சொன்னார், டிவிஷனைச் சொன்னார், தகப்பனார் பேரைச் சொன்னார். அரை மணித்தியாலத்தில் இரண்டு பேரும் யாரோ ஒரு கங்காணியின் பேத்தி வழியில் சொந்தமாகிவிட்டார்கள். வீட்டை நாங்கள் இன்னும் உள்ளே போய்ப் பார்க்கவே இல்லை.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹட்டன் பக்கம் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும். உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள், எப்போது போனார்கள் என்பது பின்னேரம் தேநீர்க் கடைக்குப் போய்விடும். கொழும்பு ஃபிளாட்டின் அநாமதேயம் பழகிப்போனவர்களுக்கு, முக்கியமாக இளம் ஜோடிகளுக்கு, பண்டாரவளையில் மூச்சு விடலாம்.

செலவு

வாடகையில் மிச்சம் பிடிக்கலாம், சந்தேகமில்லை. ஃபேன், ஏசி இல்லாததால் கறண்ட் பில்லும் குறையும், சுடுதண்ணி ஹீட்டரை அளவோடு போட்டால். மரக்கறி வாசலில் விளைகிறது, கொள்ளை மலிவாக இருக்கும் என்ற கனவை மட்டும் விட்டுவிடுங்கள். லீக்ஸும் கரட்டும் லொறியில் ஏறி மொத்தச் சந்தைக்குப் போகிறவை. விலையும் அங்கேதான் தீர்மானமாகிறது. பண்டாரவளை ஞாயிற்றுச் சந்தை போன்ற இடங்களில் நேரடியாக வாங்கினால் வித்தியாசம் தெரியும். மீன் விலை கூட, புதுசும் குறைவு. வெள்ளவத்தையில் பாரை, விளைமீன் என்று பழகிய நாக்குக்கு இது பெரிய இழப்பு. பெற்றோல் செலவு ஏறும்; ஏற்ற இறக்கப் பாதையில் பிரேக்கும் கிளச்சும் சீக்கிரம் தேயும்.

காணி வாங்குவது பற்றி: முதல் வருடத்தில் வேண்டவே வேண்டாம். தோட்டக் காணிகள் பெரும்பாலும் அரசுக்குச் சொந்தம். 1992இலிருந்து கம்பனிகளின் கையில் குத்தகையாக இருக்கின்றன. அதனால் ஹட்டன் போன்ற டவுன்களைச் சுற்றி விற்கக்கூடிய தனியார் காணி கொஞ்சம்தான், பேர்ச் விலை ஊரின் அளவுக்குப் பொருத்தமில்லாமல் ஏறிக் கிடக்கிறது. "உறுதி பிறகு எடுத்துக்கலாம்" என்று யாராவது சொன்னால் தேநீரைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடுங்கள். சின்னக்கரை உறுதியா (முழுச் சொந்தக் காணிக்கான பத்திரமா), அரசு கொடுத்த அளிப்புக் காணியா என்பதைக் காணிப் பதிவகத்தில் தேடிப் பார்க்க உங்கள் சொந்த நொத்தாரிசு வேண்டும், விற்கிறவர் கூட்டி வருகிறவர் வேண்டாம். கட்டுவதாக இருந்தால் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அறிக்கையைக் கையில் எடுத்த பிறகு முற்பணம் கொடுங்கள்.

நாங்கள் எடுத்தது கொட்டகலை வீட்டை. ஹட்டனிலிருந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி. சிங்கமலைச் சுரங்கத்தைத் தாண்டினால் மழை கொஞ்சம் குறையும் என்று அங்கே இருப்பவர்கள் சொல்வார்கள், ஆனி மாதத்தில் போய் நின்று பார்த்ததில் எங்களுக்கும் அப்படித்தான் பட்டது. மட்டமான காணி, பின்னால் வெட்டுச் சுவர் இல்லை, வியூவும் இல்லை. ஒரு வருட ஒப்பந்தம். இரண்டு மாத அறிவித்தலில் விலகலாம், கூரை ஒழுகினால் வீட்டுக்காரர் செலவு என்று எழுதி வாங்கியிருக்கிறோம். வெள்ளவத்தைத் தளபாடத்தில் பாதியை விற்றுவிட்டோம், மரக் கட்டில்களை மட்டும் கொண்டுபோனோம். அம்மாவைப் பொறுத்தவரை, ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவர் வத்தளையில் தங்கை வீட்டில். அவருக்கு அதில் விருப்பமில்லை. வேலிப் பக்கத்துச் சிநேகிதியை விட்டுவிட்டு வர வேண்டுமாம்.